வீட்டு ஒலிப்பதிவுக்கு மலிவு மிக்ஸரா, விலை கூடிய கன்சோலா: காசு எங்கே போகிறது?

கேள்வி இதுதான். வீட்டில் ஓர் அறை இருக்கிறது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், சில நாள் கடமோ கஞ்சிராவோ சேரும். இதைப் பதிவு செய்யப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் யூஎஸ்பி மிக்ஸர் போதுமா, அறுபதாயிரத்தைத் தாண்டும் மல்ட்டிட்ராக் கன்சோல் வேண்டுமா? கூடுதல் காசுக்கு ஒலி எவ்வளவு சுத்தமாகும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒலி சுத்தத்தில் கிடைக்கும் வித்தியாசம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிகவும் குறைவு. கூடுதல் காசு வாங்கித் தருவது தனித்தனி ட்ராக்குகளை. ஐந்து மைக் போட்டால் கணினிக்குள் ஐந்து தனித் தடங்களாகப் போகிறதா, இரண்டாகக் கலந்து போகிறதா என்பதுதான் இந்த இரண்டு விலைக்கும் நடுவே உள்ள உண்மையான பிரிவு. மற்ற வசதிகளையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் சுற்று) இரைச்சலைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆகவே அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 150 ஓம் மின்தடை ஒன்று, எந்தக் கருவியும் சேராமலே, அறை வெப்பத்தால் மட்டும் உண்டாக்கும் இரைச்சல் சுமார் -131 டிபியு (சிக்னல் மின்னழுத்தத்தை டெசிபெல்லில் சொல்லும் அலகு; எண் கீழே போகப் போக அமைதி). இயற்கை வைத்த எல்லை அது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. இன்று ஓரளவு பேர் தெரிந்த நிறுவனங்களின் மலிவு மிக்ஸர்களும் முழு கெய்னில் (பெருக்கத்தில்) -126 முதல் -128 டிபியு வரை வந்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது மூன்று முதல் ஐந்து டெசிபெல்தான். நான்கு மடங்கு விலை கொடுத்தாலும் அந்த இடைவெளிக்குள்தான் முன்னேற முடியும்.

இதையே மைக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஷூர் எஸ்எம்58-இன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட். அதாவது 94 டெசிபெல் ஒலி வந்தால் சுமார் -52 டிபியு வெளிவரும். ப்ரீஆம்ப் இரைச்சல் -128 என்றால், அந்த இரைச்சல் அறையில் சுமார் 18 டெசிபெல் ஒலி இருப்பதற்குச் சமம். எஸ்எம்7பி இன்னும் மந்தமானது. அதில் இந்த எண் 23-ஐ ஒட்டி வரும். சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திய வீட்டு அறையே 30 டெசிபெல்லுக்குக் கீழே இறங்குவது அரிது. விசிறி ஓடினால் 40-ஐத் தாண்டிவிடும். ஆகவே பதிவில் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' பெரும்பாலும் அறையிலிருந்து வருவது. மிக்ஸரை மாற்றினால் போகாது. கண்டென்சர் மைக் என்றால் ப்ரீஆம்பின் பங்கு இன்னும் குறையும்: ரோட் என்டி1-ஏ ஒரு பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது, எஸ்எம்58-ஐவிட 22 டெசிபெல்லுக்கு மேல் அதிகம். அந்த அளவுக்கு கெய்ன் குறைவாகத் திருப்பினால் போதும்.

மலிவு மிக்ஸர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது எஸ்எம்7பி போன்ற மந்தமான மைக்கை மெல்லிய குரலுக்குப் பயன்படுத்தும்போது. ஏறக்குறைய 60 டெசிபெல் கெய்ன் தேவைப்படும். மலிவு மிக்ஸரின் கெய்ன் குமிழ் கடைசிக் கால் சுற்றில் மட்டும் பதினைந்து இருபது டெசிபெல் தாவும். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒலி எகிறும். இரண்டு சேனலைச் சமமாக வைப்பது பெரும்பாடு. இதற்காகக் கன்சோலையே மாற்ற வேண்டியதில்லை. கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 மாதிரி, மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவே மாட்டும் சிறு பூஸ்டர் 25 டெசிபெல் தூக்கித் தரும். அது ஃபாண்டம் பவரில் (மிக்ஸர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம்) ஓடும். அந்த வோல்டேஜை மைக் பக்கம் கடத்தாது.

யூஎஸ்பி வழியே உண்மையில் என்ன போகிறது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மிக்ஸரில் 'யூஎஸ்பி' என்று எழுதியிருந்தால் அது நான்கு வெவ்வேறு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம்.

ஒன்று, பென்டிரைவ் செருகி எம்பி3 பாட்டுப் போடும் துளை. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பெயரில்லாத ஏழு சேனல், எட்டு சேனல் மிக்ஸர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். புளூடூத், 99 எஃபெக்ட் எல்லாம் இருக்கும், கணினியோடு பேசாது. மேடைக்கு விற்கப்படும் பல மிக்ஸர்களிலும் இதே நிலை. சதுரமான 'பி' வகைத் துளையோ 'சி' வகைத் துளையோ இருக்கிறதா, விவரக் குறிப்பில் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

இரண்டு, ஸ்டீரியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பகுதி). பெரிஞ்சர் ஜெனிக்ஸ் க்யூ802யூஎஸ்பி, யமஹா எம்ஜி10எக்ஸ்யூ, மேக்கி ப்ரோஎஃப்எக்ஸ்10வி3 எல்லாம் இந்த வகை. எத்தனை மைக் போட்டாலும் இடது, வலது என்று இரண்டே தடங்கள்தான் கணினிக்குப் போகும். இந்த வகைக்குள்ளேயே விலை ஏறும்போது என்ன மாறுகிறது என்று பாருங்கள்: பெரிஞ்சரில் 16 பிட், யமஹாவிலும் மேக்கியிலும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. மைக் ப்ரீஆம்ப் முதலில் இரண்டு, மற்ற இரண்டிலும் நான்கு. ரிவர்ப் (எதிரொலி விளைவு) சேர்கிறது. ட்ராக் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. எம்ஜி வரிசையிலேயே பத்திலிருந்து பன்னிரண்டு, பதினாறு, இருபது சேனல் என்று ஏறினாலும் யூஎஸ்பியில் அதே இரண்டுதான். மேடைக்கு அது பெரிய மிக்ஸர். ஒலிப்பதிவுக்கு இரண்டு ட்ராக் கருவி. விலையையும் சேனல் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து வாங்குவோர் விழும் குழி இது.

மூன்று, நான்கு தடம். சவுண்ட்கிராஃப்ட் நோட்பேட்-12எஃப்எக்ஸ், ஆலன் அண்ட் ஹீத் ஸெட்ஐ-10 இரண்டும் நான்கு உள், நான்கு வெளி (கணினிக்குள் நான்கு தடங்கள், கணினியிலிருந்து நான்கு). இவற்றுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்றால் சரியாக நான்கு. ஆனால் நான்கு தடங்களில் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. வாங்குமுன் கையேட்டைத் தரவிறக்கி, எந்த நான்கு சேனல்கள் தனியாகப் போக முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, முழு மல்ட்டிட்ராக். டாஸ்காம் மாடல் 12 (12 உள், 10 வெளி), ஸூம் லைவ்ட்ராக் எல்-8 (12 உள், 4 வெளி), எல்-12 (14 உள், 4 வெளி), சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே (14 உள், 12 வெளி), பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18 (18 உள், 18 வெளி). ஒவ்வொரு சேனலும் தனித் தடமாகப் போகும்.

தனித் தடம் ஏன் இவ்வளவு முக்கியம்? வயலின்காரர் மூன்றாவது நிமிடத்தில் ஒரு பிடியைத் தவறவிட்டார் என்று வையுங்கள். தனித் தடம் இருந்தால் அந்த இரண்டு விநாடியை மட்டும் இன்னொரு முறை வாசித்து ஒட்டலாம். கலந்த தடத்தில் கச்சேரி முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் ஒலி பாட்டை மூடுகிறது என்று மறுநாள் ஸ்பீக்கரில் கேட்டுத் தெரிந்துகொண்டால், தனித் தடத்தில் ஒரு ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நழுவு குமிழ்) கீழே இழுத்தால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தால் ஒவ்வொரு மைக்கிலும் மற்றவர் ஒலி கசியும். பாட்டு மைக்கில் மிருதங்கம் பலமாக விழுந்திருந்தால் எந்தக் கன்சோலாலும் அதைப் பிரிக்க முடியாது. மைக்கை அருகில் வைப்பதும், அதன் பின்பக்கத்தை மிருதங்கத்துக்குக் காட்டுவதும்தான் வழி.

இரண்டு தட மிக்ஸரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பாட்டு சேனலின் பேன் குமிழை முழுக்க இடப்பக்கம், மிருதங்க சேனலை முழுக்க வலப்பக்கம் திருப்புங்கள். கணினியில் ஸ்டீரியோ தடத்துக்குப் பதில் உள்ளீடு 1, உள்ளீடு 2 என்று இரண்டு மோனோ தடங்களைத் திறந்தால் இரண்டும் தனித்தனியாக விழும். உள்ளிருக்கும் ரிவர்பை முற்றிலும் அணைத்துவிடுங்கள். அது ஸ்டீரியோவாக இரு பக்கமும் பரவி இரண்டையும் கலந்துவிடும். ஹெட்ஃபோனில் பாட்டு ஒரு காதிலும் மிருதங்கம் மறு காதிலும் கேட்கும்; அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேனலில் இன்சர்ட் ஜாக் (ஒலியை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் துளை) உள்ள மிக்ஸர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. இன்சர்ட்டில் டிப் வெளியே அனுப்பும், ரிங் திரும்ப வாங்கும். மூன்று முனை ப்ளக்கில் டிப்பையும் ரிங்கையும் ஒன்றாகப் பற்றவைத்து, அதையே மறுமுனையில் உள்ள சாதாரண ப்ளக்கின் டிப்புக்கு இணைத்தால், சேனல் தொடர்ந்து ஓடும். அதே நேரத்தில் தனி வெளியீடும் கிடைக்கும். அதைப் பல உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் மாட்டலாம். சாதாரண ப்ளக்கைப் பாதி மட்டும் செருகியும் சிலர் இதைச் செய்வார்கள். ஆனால் கேபிளைத் தொட்டாலே தொடர்பு விட்டுப்போகும், பாதிப் பதிவில் 'கரகர' வரும்.

எதிரொலிச் சுழல்

ஸ்டீரியோ வகை மிக்ஸரில் எல்லோருக்கும் வரும் தொல்லை இது. முதலில் சுருதியும் மிருதங்கமும் பதிவாகிவிட்டன. இப்போது அதைக் கேட்டுக்கொண்டே பாட்டைப் பதிகிறீர்கள். பதிந்த பாட்டுத் தடத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தால் மிருதங்கமும் அதிலேயே கேட்கிறது. காரணம், கணினியிலிருந்து திரும்பி வரும் ஒலி மிக்ஸரின் மெயினில் (எல்லா சேனலும் கலக்கும் முதன்மை வெளியீடு) சேர்கிறது. அதே மெயின்தான் கணினிக்குப் போகிறது. மென்பொருளில் மானிட்டரிங் (பதியும் ஒலியை அப்போதே திரும்பக் கேட்கவைப்பது) இயங்கிக்கொண்டிருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடவும் செய்யும்.

தீர்வு ஒரு சுவிட்ச். ஜெனிக்ஸில் யூஎஸ்பி ஒலியை மெயினுக்கு அனுப்பும் பொத்தானும், ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பும் பொத்தானும் தனித்தனியாக உண்டு. இரண்டாவதை மட்டும் அழுத்துங்கள். எம்ஜி10எக்ஸ்யூவில் 'டு மான்', 'டு எஸ்டி' என்ற தேர்வு இருக்கும். 'மான்' பக்கம் வையுங்கள். கூடவே மென்பொருளில் பதிவுத் தடத்தின் மானிட்டரிங்கை அணையுங்கள். உங்கள் குரலை மிக்ஸரிலிருந்து நேராகக் கேட்கிறீர்கள், தாமதமே இல்லை. கணினி வழியே இரண்டாவது முறையும் வந்தால் இரட்டைக் குரலாகக் கேட்கும். ஒரு மலிவு மிக்ஸரில் இந்தச் சுவிட்ச் இல்லையென்றால் அதை ஒலிப்பதிவுக்கு வாங்காதீர்கள். விலையைவிட இது பெரிய அளவுகோல்.

தாமதம் பற்றி ஒரு வார்த்தை. 256 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டு), 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு திசைக்கு 5.3 மில்லிவிநாடி, போய் வர இரட்டிப்பு, டிரைவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பாடுபவருக்குப் பத்தைத் தாண்டினாலே உறுத்தத் தொடங்கும். மிக்ஸரின் நேரடி மானிட்டரிங் இந்தச் சிக்கலையே ஒழிக்கிறது. மலிவோ விலை கூடியதோ, அனலாக் மிக்ஸரின் மிகப் பெரிய லாபம் இதுதான்.

ஈக்யூவும் எஃபெக்டும்

ஸ்டீரியோ மிக்ஸரில் நீங்கள் திருப்பும் ஈக்யூ (தாழ், நடு, உயர் ஒலியைக் கூட்டிக் குறைப்பது), போடும் ரிவர்ப், கம்ப்ரஸர் (ஓங்கிய ஒலியை அடக்குவது) எல்லாம் பதிவோடு சேர்ந்து உறைந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. ஆகவே ரிவர்ப் வேண்டாம், ஈக்யூ நடுவில் நிற்கட்டும், 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹைபாஸ் சுவிட்சைப் பாட்டுக்கு மட்டும் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி மைக்கில் அதைப் போடவே கூடாது. தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்கி ஒலியின் அடித்தளமே அறுந்துபோகும்.

முழு மல்ட்டிட்ராக் கன்சோல்களில் பெரும்பாலும் ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்பே ஒலி கணினிக்குப் பிரிந்துவிடுகிறது. ஃபேடரும் ஈக்யூவும் ரிவர்பும் கேட்பவர் காதுக்கு மட்டும். பாடகருக்கு ஹெட்ஃபோனில் தாராளமாக ரிவர்ப் கொடுங்கள், தடத்தில் உலர்ந்த குரல்தான் விழும். பாடுபவர் நிம்மதியாகப் பாட இது மிகவும் உதவும். கம்ப்ரஸரின் இடம் மட்டும் கன்சோலுக்குக் கன்சோல் மாறும். கையேட்டில் உள்ள பிளாக் படத்தில் யூஎஸ்பிக் கிளை எங்கே பிரிகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு படம் விளம்பரம் முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

இதனால் ஒரு முடிவுக்கு வரலாம்: ஈக்யூவுக்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள். மலிவானதில் நடு அலைவரிசை 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். விலை கூடியதில் அதை நகர்த்தலாம். மேடையில் அது உயிர் காக்கும். வீட்டில் கணினிக்குள் இதைவிட நுட்பமான ஈக்யூ இலவசமாகவே இருக்கிறது.

உடம்பில் தெரியும் விலை

திறந்து பார்த்தால் காசு போன இடம் தெரியும். மலிவு மிக்ஸரில் குமிழ், ஜாக், எல்லாம் ஒரே பெரிய போர்டில் நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஜாக்கில் கேபிளை யாராவது காலால் இழுத்தால் அந்த அதிர்ச்சி நேரே போர்டின் செப்புக் கோட்டில் விழும், பற்று விரிசல் விடும். சேனல் வந்து வந்து போகும். ஆலன் அண்ட் ஹீத்தின் பெரிய ஸெட் மிக்ஸர்களில் சேனலுக்கு ஒரு போர்டு, குமிழ்களும் ஜாக்குகளும் உலோக நட்டால் பலகையில் இறுகியிருக்கும். ஒரு சேனல் கெட்டால் அதை மட்டும் கழற்றிப் பழுது பார்க்கலாம். வாரம் ஒருமுறை மேடைக்குத் தூக்கிப் போவீர்களானால் இதற்குக் காசு கொடுப்பது நியாயம். மேசையிலேயே கிடக்கும் மிக்ஸருக்கு அவ்வளவு அவசியமில்லை.

நம் ஊர்த் தூசியும் கடற்கரை ஈரமும் எல்லா விலையையும் சமமாகத் தாக்கும். இரவில் துணி போட்டு மூடுங்கள். ஃபேடர் கரகரத்தால் ஃபேடருக்கென்றே விற்கும் மசகு கலந்த கிளீனர் ஒரு சிறு பீச்சல், இருபது முப்பது முறை மேலும் கீழும் நகர்த்தல். டபிள்யூடி-40 வேண்டாம், அது பிளாஸ்டிக்கையும் கார்பன் தடத்தையும் கெடுக்கும், தூசியையும் பிடித்துவைக்கும்.

சிறிய மிக்ஸர்கள் பலவற்றுக்கு அடாப்டர் வெளியே இருக்கும். அது மொபைல் சார்ஜர் மாதிரி டிசி அன்று. பெரிஞ்சர், யமஹா சிறு மாடல்களில் மூன்று முனை கொண்ட ஏசி அடாப்டர். தொலைந்தாலோ எரிந்தாலோ பக்கத்துக் கடையில் கிடைக்காது. வேறு எதையாவது செருகிப் பார்த்து மிக்ஸரை எரித்துவிடாதீர்கள். உள்ளேயே மின்வழங்கி கொண்ட, சாதாரண மூன்று முள் கம்பி போதுமான மிக்ஸருக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஃபாண்டம் பவர் மலிவானதில் எல்லா சேனலுக்கும் ஒரே சுவிட்ச். சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக்) கேபிளில் இணைந்த டைனமிக் மைக்குக்கு அதனால் கேடில்லை. ரிப்பன் மைக்கும், எக்ஸ்எல்ஆர் முனை வழியே மாட்டிய கீபோர்டு, மொபைல் போன்றவையும் ஆபத்தில் இருக்கும். விலை கூடிய எல்லாவற்றிலும் சேனலுக்கு ஒரு சுவிட்ச் இருக்குமென்று எண்ண வேண்டாம். பார்த்து உறுதி செய்யுங்கள். பெயரில்லாத மிக்ஸரில் '48 வோல்ட்' என்று அச்சடித்திருந்தால் நம்பாமல் மல்ட்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: எக்ஸ்எல்ஆர் முனை 1-க்கும் 2-க்கும் நடுவே, பிறகு 1-க்கும் 3-க்கும் நடுவே. இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் கண்டென்சர் மைக் ஓங்கிய குரலில் உடைந்து ஒலிக்கும். மைக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஹெட்ஃபோன் எண்ணிக்கை முக்கியமான இடம். மலிவு மிக்ஸரில் ஒரே ஜாக், ஒரே கலவை. மூன்று பேர் வாசிக்கும்போது ஆளுக்கொரு ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் பெரிஞ்சர் எச்ஏ400 போன்ற நான்கு வழிப் பிரிப்பான் போதும், ஆனால் நால்வருக்கும் ஒரே கலவைதான். ஸூம் எல்-12-இல் ஐந்து ஹெட்ஃபோன் வெளியீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை. மிருதங்கக்காரருக்குப் பாட்டும் தாளமும், வயலினுக்குப் பாட்டும் சுருதியும் என்று அவரவர் கேட்டபடி கொடுக்கலாம். குழுவாகப் பதிவு செய்பவருக்கு இது ப்ரீஆம்ப் தரத்தைவிடப் பத்து மடங்கு பயன்படும்.

ரீங்காரம் வந்தால்

மிக்ஸரைக் குற்றம் சொல்லுமுன் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். 'ங்ங்' என்ற மெல்லிய சிணுங்கல் நின்றால் அது சார்ஜர் வழி வரும் எர்த் சுழல். மிக்ஸர், கணினி, ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில், எர்த் உள்ள ப்ளக் பாயின்ட்டில் மாட்டுங்கள். ஸ்பீக்கருக்கு மூன்று முனை பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸை (சிக்னல் கம்பியின் நடுவே மாட்டும் சிறு பெட்டி) பயன்படுத்துங்கள். எர்த் முள்ளை ஒடித்துவிட்டு ரீங்காரத்தை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

மின்தடை நேரத்தில் மட்டும் கரகரப்பு வருகிறதென்றால் வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கும். சைன் அலை இன்வெர்ட்டரில் அது வராது. பழைய மின்னணு விசிறி ரெகுலேட்டரும் பாதி வேகத்தில் இதே ஒலியைக் கிளப்பும்.

அளவு வைக்கும் முறை

மிக்ஸரின் விளக்கில் 0 என்பது கணினியில் எவ்வளவு என்று ஒருமுறை கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மொபைலிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஒரு லைன் சேனலில் விடுங்கள். சேனல் ஃபேடரும் மெயினும் 0 குறியில் நிற்கட்டும். கெய்னை மெல்ல ஏற்றி, மென்பொருளின் மீட்டர் -18-ஐத் தொடும்போது மிக்ஸரில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அதன்பின் பாட்டு சராசரியாக அந்த விளக்கைச் சுற்றி ஆடினால் போதும். உச்சங்கள் -10 முதல் -6 வரை போகலாம். மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனத்தின் பலமான சாப்பை வாசிக்கச் சொல்லி அளவு வையுங்கள், சர்வலகு வாசிக்கும்போது வைக்காதீர்கள். 16 பிட் மிக்ஸரில்கூட இப்படி வைத்தால் பதிவுக்கு அடியில் எழுபது டெசிபெல்லுக்கு மேல் இடம் இருக்கும். அறை இரைச்சலே அதற்கு முன் வந்துவிடும். பயன்படாத சேனல்களின் ஃபேடரை முற்றிலும் இறக்கிவிடுங்கள். திறந்து கிடக்கும் ஒவ்வொரு சேனலும் மெயினில் தன் இரைச்சலைச் சேர்க்கும்; எண்ணிக்கை இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும்.

சாம்பிள் ரேட் (ஒரு விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) பொருத்தத்தைப் பாருங்கள். 44.1-இல் பதிந்ததை 48-இல் ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்று எந்த சுருதிப் பெட்டியோடும் சேராது. விண்டோஸ் ஒலி அமைப்பு, பதிவு மென்பொருள், கன்சோல் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும்.

இன்னும் மேலே போனால்

எஸ்எஸ்எல் சிக்ஸ் போன்ற கன்சோல்களைப் பார்த்து மனம் ஏங்கும். 100 மில்லிமீட்டர் ஃபேடர், அருமையான அனலாக் சுற்று, பஸ் கம்ப்ரஸர். ஆனால் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான், யூஎஸ்பி இல்லை. அது ஏற்கெனவே நல்ல இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவரின் கருவி. பிக் சிக்ஸில் 16 உள், 16 வெளி யூஎஸ்பி உண்டு. அந்த விலைக்கு உங்கள் அறை முழுவதையும் ஒலித்தடுப்பு செய்து, நல்ல மைக் இரண்டும் வாங்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லாமல்.

எதிர்ப்பக்கம், கன்சோலே வேண்டாம் என்ற வழி. தனியாகப் பாடிப் பதிபவருக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறை 69 டெசிபெல் கெய்ன் தருகிறது. எஸ்எம்7பிக்குப் பூஸ்டர்கூட வேண்டாம். நான்கு மைக்குக்கு பெரிஞ்சர் யூஎம்சி404எச்டி, எட்டுக்கு யூஎம்சி1820. யூஎம்சி1820-இல் உள்ள ஏடாட் (ஒரே ஆப்டிகல் கம்பியில் எட்டு சேனல் கொண்டுவரும்) உள்ளீட்டில் ஏடிஏ8200 என்ற எட்டு மைக் ப்ரீஆம்பை ஆப்டிகல் கம்பியில் மாட்டினால் 48 கிலோஹெர்ட்ஸில் இன்னும் எட்டு மைக். தட எண்ணிக்கைக்குக் காசு என்று பார்த்தால் இதையும் எக்ஸ்ஆர்18-ஐயும் எந்த அனலாக் கன்சோலும் நெருங்காது. எக்ஸ்ஆர்18-இல் ஃபேடர் கிடையாது, டேப்லெட்டில்தான் எல்லாம். உள்ளிருக்கும் வைஃபை பலவீனமானது, ஈதர்நெட் கம்பியில் ஒரு ரவுட்டர் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு என் பரிந்துரை இது. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதுதான் வழக்கம், கையால் ஃபேடர் பிடிக்கவும் ஆசை என்றால் மாடல் 12 அல்லது எல்-12. இரண்டும் கணினி இல்லாமலே எஸ்டி கார்டில் பதியும். மடிக்கணினி விசிறியின் இரைச்சலும் டிரைவர் தகராறும் அறைக்குள் வராது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 12 தடங்கள் ஒரு மணிக்குச் சுமார் 6.2 ஜிபி, 32 ஜிபி கார்டில் ஐந்து மணி நேரம் கிட்டும். கார்டைக் கன்சோலிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பாட்டு 1, வயலின் 2, வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) 3, தொப்பி 4, கடம் 5 என்று வைத்து, சுருதியை மைக்கில் பிடிக்காமல் லைன் சேனலில் கொடுத்துத் தனித் தடமாக எடுங்கள். பாட்டு மைக்கில் சுருதிப் பெட்டி விழுந்துவிட்டால் ஒட்டு வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் சுருதி துள்ளும்.

பணம் இப்போது இல்லை, பெரும்பாலும் ஒவ்வொருவராகத்தான் பதிகிறீர்கள் என்றால் யூஎம்சி404எச்டி வாங்குங்கள், மிச்சத்தை மைக்குக்கும் சுவரில் மாட்டும் 50 மில்லிமீட்டர் ராக்வுல் பலகைகளுக்கும் செலவிடுங்கள். ஸ்டீரியோ மிக்ஸரை நான் சொல்வது ஒரே ஒரு சூழலுக்குத்தான்: நேரலையும் பாடமும் நடத்துகிறீர்கள், கலந்த ஒலி அப்போதே போக வேண்டும், பிறகு திருத்தும் எண்ணமில்லை. அதற்கு எம்ஜி10எக்ஸ்யூ வகை மிகப் பொருத்தம்.

பழையது வாங்குவதானால் கடையிலேயே இவற்றைச் சோதியுங்கள். ஹெட்ஃபோன் போட்டு ஒவ்வொரு குமிழையும் ஃபேடரையும் முழு நீளம் நகர்த்திக் கேளுங்கள். ஜாக்கில் செருகிய கேபிளை மெல்ல அசையுங்கள். ஃபாண்டமை அளந்து பாருங்கள். எக்ஸ்எல்ஆர் ஆண் முனை ஒன்றில் 2-க்கும் 3-க்கும் நடுவே 150 ஓம் மின்தடையைப் பற்றவைத்துக் கையோடு கொண்டுபோங்கள். அதைச் செருகி ஒவ்வொரு சேனலின் கெய்னையும் முழுக்க ஏற்றினால் எல்லாவற்றிலும் ஒரே அளவு இரைச்சல் வர வேண்டும், ஒன்று மட்டும் பொரிந்தால் அந்த ப்ரீஆம்ப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியாக, உங்கள் கணினியின் இப்போதைய இயங்குதளத்துக்கு அந்த மாடலின் டிரைவர் நிறுவனத்தின் தளத்தில் இன்னும் கிடைக்கிறதா என்று வீட்டிலிருந்து கிளம்புமுன்பே பார்த்துவிடுங்கள்.